ஆவணியில் பத்திரப் பதிவாம், அதற்குள் தடையாணை வாங்க முடியுமா?

வாசகர் கேள்வி: வணக்கம் சார். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்கள் சொந்த ஊர். அப்பா 1986-ல் தன் பெயரில் கிரயம் வாங்கிய 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சையும், தாத்தா வழியில் வந்த ஒரு ஏக்கரும், ஊருக்குள் ஒரு ஓட்டு வீடும் இருக்கின்றன. அப்பா 2017-ல் இறந்தார், உயில் எதுவும் எழுதவில்லை. அம்மா 2021-ல் தவறிவிட்டார். அண்ணன், நான், தம்பி என்று நாங்கள் மூன்று பேர். எனக்குத் தெரியாமலே பட்டாவை அண்ணனும் தம்பியும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். இப்போது அந்த 2 ஏக்கர் 40 சென்டை பிளாட் போடும் ஒருவருக்கு விலை பேசி அட்வான்ஸ் வாங்கியாயிற்று, ஆவணியில் பதிவு என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார். கேட்டால் அண்ணன், "1998-ல் 30 பவுன் போட்டுத்தானே கட்டிக் கொடுத்தோம், உனக்கு இதில் என்ன இருக்கு" என்கிறார். 2018-ல் பட்டா மாற்ற என்று சொல்லி ஒரு பேப்பரில் என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள், அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் போதும் என்கிறார் ஒருவர், கோர்ட்டில் ஸ்டே வாங்கு என்கிறார் இன்னொருவர். நான் எதைச் செய்வது? எனக்குப் பெரிய வருமானம் கிடையாது.

பதில்:

சகோதரி, உங்களுக்கு நாள் குறைவு என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தடையாணை வாங்க முடியும், கேட்பதற்கு நியாயமான காரணமும் உங்களிடம் இருக்கிறது. ஆனால் தடை மட்டும் தனியாகக் கொடுங்கள் என்று கோர்ட்டில் போய் நிற்க முடியாது. முதலில் பாகப்பிரிவினை வழக்கு, அந்த வழக்குக்குள் ஓர் இடைக்கால மனு, அந்த மனுவில்தான் தடை. நிறையப் பேர் "ஸ்டே" என்ற ஒன்றின் பின்னாலேயே ஓடி, அடியில் இருக்கிற வழக்கை அரைகுறையாகப் போட்டுவிட்டு, இரண்டு மாதத்தில் தடையும் போய் வழக்கும் தொங்கலாகி நிற்பார்கள். உங்கள் விஷயத்தில் வழக்கைச் சரியாகவும் சீக்கிரமாகவும் போடுவதுதான் முக்கால்வாசி வேலை.

அதற்கும் முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு வக்கீல் தேவையில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் நிலத்தின் சர்வே எண்களுக்கு 1986-க்குச் சற்று முன்பிருந்து இன்று வரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. அப்பா உயில் எழுதவில்லை என்கிறீர்கள், சரி, ஆனால் உயிரோடு இருந்தபோதே மகன்கள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்திருந்தால்? தான் சம்பாதித்து வாங்கிய சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கிற உரிமை அவருக்கு இருந்தது. அப்படி ஒரு பத்திரம் இருந்தால் அந்த 2 ஏக்கர் 40 சென்டைப் பொறுத்தவரை உங்கள் வழக்கு ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடும், தாத்தா சொத்தில் மட்டும்தான் பேச முடியும். இதை வழக்கு போட்ட பிறகு எதிர்த்தரப்பு வாயிலிருந்து கேட்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லாததால் அது வில்லங்கத்தில் தெரியாமல் இருக்கலாம், திடீரென்று ஒன்று முளைக்கலாம். முளைத்தால் அது உண்மையான உயில்தான் என்று சாட்சி வைத்து நிரூபிக்கிற பொறுப்பு அவர்களுடையது.

வில்லங்கத்தில் இன்னொன்றையும் தேடுங்கள். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையையும், சொத்து சம்பந்தப்பட்ட பொது அதிகார ஆவணத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். பிளாட் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் அக்ரிமென்டோ பவரோ வாங்காமல் பெரிய தொகையை வெளியே விட மாட்டார்கள். அது பதிவாகியிருந்தால் வாங்குகிறவர் யார், என்ன விலை, எத்தனை மாதக் கெடு எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும். அவரைப் பெயர் சொல்லிப் பிரதிவாதியாகச் சேர்க்கலாம். எதுவும் பதிவாகவில்லை, எல்லாம் வாய்ப்பேச்சும் வெள்ளைப் பேப்பரும்தான் என்றால், அவர்கள் எப்போது வேண்டுமானாலும் நேரடியாகக் கிரயத்துக்குப் போகலாம் என்று அர்த்தம், ஆகவே இன்னும் வேகமாக நீங்கள் போக வேண்டும்.

சரி, உங்களுக்கு என்ன பங்கு? அப்பா வாங்கிய நிலமும், வீடு அவர் பெயரில் இருந்தால் அந்த வீடும், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். அம்மாவும் போய்விட்டதால் அவர் பங்கும் உங்கள் மூவருக்குமே வரும், ஆக ஆளுக்கு மூன்றில் ஒன்று. தாத்தா வழி நிலத்தில் மகளுக்குப் பங்கு கிடையாது என்று இன்னும் ஊர்ப்பக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாடு 1989-லேயே அதை மாற்றிவிட்டது, அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வந்துவிட்டது. உங்கள் கல்யாணம் 1998. அப்புறம் மகளுக்கும் மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் உரிமை தந்த மத்திய அரசின் 2005 திருத்தம், அதன்மேல் 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, எப்படிப் பார்த்தாலும் உங்கள் பங்கு நிற்கிறது. அந்த 1986 நிலம் அப்பா பெயரில் இருந்தாலும் கூட்டுக் குடும்ப வருமானத்தில் வாங்கியது என்று அவர்கள் கதையை மாற்றினாலும்கூட உங்களுக்கு அதே மூன்றில் ஒன்றுதான் வரும்.

30 பவுன் விஷயத்துக்கு வருகிறேன். நகை போட்டதற்கும் நிலத்துக்கும் சட்டத்தில் சம்பந்தம் இல்லை. சீர் வாங்கிய மகளுக்குப் பங்கு இல்லை என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. "எனக்கு வேண்டாம், அண்ணன் தம்பியே வைத்துக்கொள்ளட்டும்" என்று நீங்கள் வாயால் சொல்லியிருந்தாலும் பங்கு போய்விடாது, நிலத்தில் உரிமையை விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம் எழுதி, முத்திரைத்தாள் கட்டணம் கட்டி, பதிவு செய்ய வேண்டும். பட்டாவும் அப்படித்தான், அது வருவாய்த் துறைக் கணக்கு, அதில் பெயர் ஏறியதால் யாரும் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, பெயர் விட்டுப்போனதால் உரிமை இழப்பதும் இல்லை. பட்டா மாற்றும்போது அவர்கள் வைத்த வாரிசுச் சான்றின் நகலைத் தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதில் உங்கள் பெயர் இருந்தால் அவர்களே உங்களை வாரிசு என்று ஒத்துக்கொண்ட மாதிரி, இல்லாவிட்டால் மறைத்து வாங்கியிருக்கிறார்கள் என்று ஆகும். ஆனால் அந்தப் பதில் வரும்வரை வழக்கைத் தள்ளிப்போட வேண்டாம், பிறகு தாக்கல் செய்துகொள்ளலாம்.

இனி அந்த 2018 பேப்பர். உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்த இடம் இதுதான், நீங்கள் அதைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அது வெறும் பட்டா மாறுதலுக்கான சம்மதக் கடிதமாக இருக்கலாம், அப்படியென்றால் பிரச்சினை இல்லை. "என் பங்குக்கு ஈடாக நகையும் பணமும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்குச் சொத்தில் பாத்தியம் இல்லை" என்று எழுதிய தாளாகவும் இருக்கலாம். பதிவாகாத அப்படி ஒரு தாள் உங்கள் உரிமையை அவர்களுக்கு மாற்றிக் கொடுக்காது. ஆனாலும் அதை ஏற்கெனவே நடந்த குடும்ப ஏற்பாட்டுக்கு ஆதாரம் என்று சொல்லி உள்ளே கொண்டுவரப் பார்ப்பார்கள். இந்தப் பேப்பரை உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள், மனுவோடு போடுகிற பிரமாணப் பத்திரத்திலும் நீங்களே எழுதுங்கள்: இன்ன வருடம், இன்ன காரணம் சொல்லி, இன்னார் கையெழுத்து வாங்கினார்கள், படித்துக் காட்டவில்லை, நகல் தரவில்லை, பணம் எதுவும் வாங்கவில்லை என்று. தடையாணை என்பது நீதிபதி தன் விருப்புரிமையில் கொடுப்பது. எதிர்த்தரப்பைக் கேட்காமல், உங்கள் வார்த்தையை மட்டும் நம்பிக் கொடுக்கிற தடையில் இது இன்னும் முக்கியம். நீங்கள் மறைத்ததை அண்ணனின் வக்கீல் அடுத்த வாய்தாவில் எடுத்து நீட்டினால், அந்தத் தாளுக்குச் சட்டப்படி மதிப்பு இருக்கிறதோ இல்லையோ, "மனுதாரர் உண்மையை மறைத்தார்" என்ற ஒரே காரணத்தில் தடை கலைந்துவிடும். மறுபடி கேட்டால் அந்த நீதிபதி அவ்வளவு சுலபமாக இரங்க மாட்டார். எத்தனையோ நல்ல வழக்குகள் இப்படி ஒரு சின்ன மறைப்பில் கெட்டுப்போனதைக் கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் மனு பற்றிக் கேட்டீர்கள். கொடுங்கள், தப்பில்லை, ஒப்புதல் முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். யாருக்கு உரிமை என்று விசாரித்துத் தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை, 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. உங்கள் ஆட்சேபனை மனுவைப் பார்த்து ஒரு சார்பதிவாளர் "கோர்ட் ஆர்டர் கொண்டுவாங்கம்மா" என்றால் அவர் சொல்வது சரிதான். போலீசுக்குப் போனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். கையெழுத்தைப் போலியாகப் போட்டிருந்தாலோ ஆள்மாறாட்டம் செய்திருந்தாலோதான் அந்தப் பக்கம் போக வேண்டும். இதுவரை அப்படி எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை.

வழக்கு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். விற்கப்போகிற நிலத்துக்கு மட்டும் வழக்கு போடலாம் என்று தோன்றும், செலவும் குறைவு மாதிரி இருக்கும். செய்யாதீர்கள். பாகப்பிரிவினை என்றால் மூவருக்கும் பொதுவான எல்லாச் சொத்தும் வழக்கில் வர வேண்டும், தாத்தா நிலமும் ஓட்டு வீடும் உட்பட. ஒன்றை விட்டால் "பகுதிப் பாகப்பிரிவினை செல்லாது" என்ற ஆட்சேபனையை அவர்களுக்கு நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி. அண்ணன், தம்பி, வாங்கப்போகிறவர் மூன்று பேரும் பிரதிவாதிகள். சார்பதிவாளரையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அரசு அதிகாரியைச் சேர்த்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவின்கீழ் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவசரம் என்று தனி அனுமதி வாங்கினால்தான் அதைத் தாண்டலாம். உங்கள் வழக்கில் அவர் தேவையே இல்லை, உத்தரவின் நகல் அவர் மேஜைக்குப் போனால் போதும்.

சொத்து விவர அட்டவணையில் ஒரு எண் தப்பினால் எல்லாம் வீண். பழைய சர்வே எண், நில உடமை மேம்பாட்டுத் திட்டத்தில் மாறிய புதிய எண், பட்டா மாறுதலின்போது ஏற்பட்ட உட்பிரிவு எண், மூன்றும் வர வேண்டும். 1986 பத்திரத்தில் இருக்கிற எண்ணை மட்டும் போட்டுத் தடை வாங்கி வைத்திருப்பார்கள், எதிர்த்தரப்பு புது உட்பிரிவு எண்ணில் கிரயம் பதிந்துவிட்டுப் போவார்கள், ரிஜிஸ்டர் ஆபீசில் கம்ப்யூட்டரில் தேடுகிறவருக்கு இரண்டும் ஒரே நிலம் என்று எப்படித் தெரியும்? நான்கு எல்லைகளையும் எழுதுங்கள், அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயர் உட்பட.

கோர்ட் கட்டணம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. கூட்டு அனுபவத்தில் இருக்கிற பங்காளி கேட்கிற பாகப்பிரிவினைக்குத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37(2) பிரிவில் ஒரு நிலையான சிறு தொகைதான். அனுபவத்திலிருந்து முழுக்க வெளியே தள்ளப்பட்டவர் என்றால்தான் பங்கின் சந்தை மதிப்புக்கு 3 சதவீதம். நீங்கள் வெளியூரில் இருந்தாலும் பொது உரிமையாளர்களில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். அறுவடையில் நிலக்கடலையோ வெங்காயமோ உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், குத்தகைப் பணத்தில் ஏதாவது உங்கள் கணக்குக்கு அனுப்பியிருந்தால் அதையெல்லாம் எழுதுங்கள், கூட்டு அனுபவத்துக்கு அதுதான் சாட்சி.

இப்போது தடை மனு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-வது கட்டளை, 1, 2 விதிகளின்கீழ் போடுவது. நீதிபதி மூன்று கேள்விகளை மனதில் வைத்துத்தான் படிப்பார். மேலோட்டமாகப் பார்த்தாலே விசாரிக்க வேண்டிய உரிமை ஒன்று இவருக்கு இருக்கிறதா? அப்பா பெயரில் உள்ள மூலப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கம், இவை போதும். தடை கொடுத்தால் அவர்களுக்கு வரும் சிரமம் பெரிதா, கொடுக்காவிட்டால் இவருக்கு வரும் சிரமம் பெரிதா? கொடுத்தால் அவர்கள் விற்பனை கொஞ்ச நாள் தள்ளிப்போகும், கொடுக்காவிட்டால் ஒரு தோட்டம் நாற்பது ஐம்பது பிளாட்டாகி ஆளுக்கொருவர் பெயரில் போய்விடும், இதைப் படிக்கிறவருக்கே விடை தெரிந்துவிடும். மூன்றாவது, பின்னால் பணமாகக் கொடுத்து ஈடுகட்ட முடியாத நஷ்டமா என்பது. எதிர்த்தரப்பு வக்கீல் இங்கேதான் மல்லுக்கு நிற்பார். "நிலத்துக்கு விலை இருக்கிறது, ஜெயித்தால் பங்குக்கான பணத்தை வாங்கிக்கொள்ளட்டுமே, தவிர வழக்கு நடக்கும்போது வாங்குகிறவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்தானே, அப்புறம் தடை எதற்கு" என்பார். இதற்குப் பதில், வழக்கு முடிகிற வரை சொத்தின் தன்மை மாறாமல் இருக்க வேண்டும், கைமாறுவதும் அதில் அடக்கம் என்று 2004-ல் மகர்வால் கேவாஜி டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாதை வெட்டி, கல் நட்டு, கிணற்றை மூடிவிட்ட ஒரு தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எங்கே போய் அளப்பது?

ஆனால் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது, பிரிக்காத அந்தப் பங்கை விற்க அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது. "எதையுமே விற்கக் கூடாது" என்று மொட்டையாகக் கேட்டால் நீதிபதி யோசிப்பார். ஆகவே மனுவில் கேட்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்: பங்கு பிரிக்கப்படும் வரை, என் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்து முழுச் சொத்தாகவோ, குறிப்பிட்ட எல்லை காட்டியோ விற்கவோ, அடமானம் வைக்கவோ, பவர் எழுதிக் கொடுக்கவோ, மனையாகப் பிரிக்கவோ, நிலத்தின் தன்மையை மாற்றவோ கூடாது என்று. பிளாட் போடுகிறவருக்குப் பிரிக்காத பங்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அவருக்குச் சுத்தமான முழு நிலம் வேண்டும். இந்த அளவுக்குத் தடை கிடைத்தாலே வியாபாரம் நின்றுவிடும். கூடவே வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அப்பாவிடமிருந்து இப்படி வாரிசுகளுக்கு வந்த சொத்தில் ஒருவர் தன் பங்கை விற்க முயன்றால், வெளியாளுக்கு முன்னால் மற்ற வாரிசு வாங்கிக்கொள்ள முன்னுரிமை உண்டு. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்க என்னிடம் ஏது பணம் என்பீர்கள், இருக்கட்டும், மனுவில் ஒரு பத்தியாக இருந்தால் பேச்சுவார்த்தையில் அதற்கு ஒரு எடை உண்டு.

விற்பனை நடக்கப்போகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார் என்பது மட்டும் போதாது. புரோக்கரின் வாட்ஸாப் செய்தி, சர்வேயர் அளக்கிற போட்டோ, கல் நட்டிருந்தால் அதன் வீடியோ, விளம்பர நோட்டீஸ், எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். போனில் இருப்பதைத் தாக்கல் செய்ய 2023 சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க முன்வந்தால் ரொம்ப நல்லது. ஊரில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர், வற்புறுத்த வேண்டாம்.

வழக்குக்கு முன்னால் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டுமா என்றால், உங்கள் நிலைமையில் நான் அனுப்ப மாட்டேன். அனுப்பினால் இரண்டு வேலை நடக்கும், ஆவணி வரை காத்திருக்காமல் அடுத்த வாரமே பதிவுக்கு டோக்கன் போடுவார்கள், எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று கோர்ட்டில் கேவியட்டும் போட்டு வைப்பார்கள். கேவியட் 90 நாள் உயிரோடு இருக்கும், அது இருந்தால் அவர்களுக்குத் தெரிவிக்காமல் உங்களுக்குத் தடை கிடைக்காது. ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

கேவியட் இல்லாவிட்டாலும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் தடையைப் பரிசீலிக்க வேண்டும் என்பதே பொது விதி. அதுவரை பொறுத்தால் தடை கேட்பதே வீணாகிவிடும் என்று தோன்றினால்தான், காரணத்தை எழுதிவைத்து உடனடித் தடை கொடுப்பார் நீதிபதி. பதிவுத் தேதிக்கான ஆதாரம் இங்கேதான் உதவும். அப்படி எதிர்த்தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தடை கிடைத்தால் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மனு, பிரமாணப் பத்திரம், பிராது (வழக்கின் மூல மனு), ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் உடனே பதிவுத் தபாலில் எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அனுப்பினேன் என்று அன்றைக்கோ மறுநாளோ கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். அதே 39-வது கட்டளையின் மூன்றாம் விதி இது. இதைச் செய்யாமல் விட்டதற்காகவே தடையைக் கலைக்கச் சொல்லி மனு வரும். அப்புறம் அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று இன்னொரு விதி, முடியாவிட்டால் ஏன் என்று நீதிபதி எழுத வேண்டும். நடைமுறையில் வாய்தா வாய்தாவாக இழுக்கும். உங்கள் தடை "அடுத்த வாய்தா வரை" என்று கொடுக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு வாய்தாவிலும் நீட்டிப்பு எழுதப்பட்டதா என்று அன்று மாலையே பார்த்துக்கொள்ளுங்கள். நீட்டாமல் விட்ட ஒரு வாரத்தில் பத்திரம் முடிந்துபோன கதைகள் உண்டு.

உத்தரவின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளரிடம் நேரில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள், வாங்குகிறவருக்கும் தபாலில் அனுப்புங்கள். தடை தெரிந்தே மீறினால் சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை என்று 2-ஏ விதி சொல்கிறது.

தடை உடனே கிடைக்கவில்லை, நோட்டீஸ் போட்டு ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள் என்றால் இடிந்துபோக வேண்டாம். பிராதை நீங்கள் கோர்ட்டில் கொடுத்த அந்த நாளிலிருந்தே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு யார் வாங்கினாலும், வழக்கு இருப்பது எனக்குத் தெரியாது என்று சொன்னாலும், தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். வழக்கு இருக்கிறது என்பதற்காக மட்டும் சார்பதிவாளர் பதிவை நிறுத்த மாட்டார், பத்திரம் நடக்கலாம், ஆனால் உங்கள் பங்கைப் பொறுத்தவரை அது உங்களைத் தொடாது. அன்றைக்கே பிராதின் நகலோடு வாங்குகிறவருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். இது கோர்ட் தடையைவிடச் சில சமயம் வேகமாக வேலை செய்யும். ஏனென்றால் அவர் பிளாட்டை விற்கப் போவது வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்களிடம், வங்கி வக்கீல் வழக்கைப் பார்த்தால் லீகல் ஒப்பீனியன் தர மாட்டார், அது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

அதற்குள் பதிவே முடிந்துவிட்டால்? அப்போதும் வழக்கு உண்டு. நீங்கள் கையெழுத்துப் போடாத பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வேண்டியதில்லை, அது உங்கள் மூன்றில் ஒரு பங்கைக் கட்டுப்படுத்தாது என்று கோர்ட் அறிவிக்கும்படி விளம்புகை கேட்டால் போதும். தடை மனு அப்போது வாங்கினவர் மேல் திரும்பும், மனை பிரிக்கவும் மறு விற்பனை செய்யவும் கூடாது என்று. லேஅவுட் அனுமதி கொடுக்கிற நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் வழக்கு எண்ணோடு ஓர் ஆட்சேபனை அனுப்புங்கள். கீழ்க் கோர்ட்டில் தடை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு, மாவட்ட நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாள் கெடு.

உங்கள் தம்பியைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமே எழுதவில்லை. பேசுவதெல்லாம் அண்ணன்தான், தம்பி கையெழுத்துப் போடுகிறவராக மட்டும் இருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வழக்கு தாக்கலான பிறகு, அதற்கு முன்னால் அல்ல, அவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு பணம் பதிவு அன்றே உங்கள் கணக்கில் நேரடியாக விழுகிற மாதிரி ஒரு சமரசம் செய்துகொள்ளலாம். கோர்ட்டிலேயே அதைப் பதிவு செய்து வழக்கை முடித்தால் கட்டிய கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம். வாங்குகிறவர் அவசரத்தில் இருக்கிறார் என்பதால் இப்படி முடிய நிறைய வாய்ப்பு இருக்கிறது, நிலமே வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் அது வேறு விஷயம்.

செலவு பற்றிச் சொன்னீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, இலவச வக்கீலும் கோர்ட் கட்டண உதவியும் கேட்கலாம். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, தாலுகாவிலும் குழு உண்டு, 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். விண்ணப்பம் கொடுக்கும்போதே பதிவுத் தேதி நெருங்குகிறது என்று மேலே பெரிதாக எழுதுங்கள், இல்லாவிட்டால் வரிசையில்தான் வரும். தனியாக வக்கீல் வைப்பதானால் உங்கள் ஊர் கோர்ட்டில் தினமும் சிவில் பக்கம் நிற்கிறவராகப் பாருங்கள். தாக்கல் செய்த பிராது குறை சுட்டிக்காட்டித் திரும்பி வந்து, சரிசெய்து, எண் விழுவதற்கே சில நாள் போய்விடும், அந்த அலுவலகத்தை அறிந்தவரால்தான் அதை வேகமாக நகர்த்த முடியும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னாலாவது மனு உள்ளே இருக்க வேண்டும்.

போகும்போது 1986 பத்திரத்தின் நகல், தாத்தா நிலத்துக்குக் கையில் இருக்கிற எந்தப் பழைய ரசீதும், அப்பா அம்மா இறப்புச் சான்றுகள், புதுப் பட்டாவின் பிரதி, இன்று எடுத்த வில்லங்கம், எல்லாம் கொண்டுபோங்கள். மூலப் பத்திரம் அண்ணனிடம் இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். அந்த 2018 பேப்பர் உங்களிடம் இல்லை என்பது தெரியும், யார் வீட்டில், யார் முன்னால் கையெழுத்துப் போட்டீர்கள், முத்திரைத்தாளா வெள்ளைத்தாளா, எத்தனை பக்கம் என்று நினைவில் இருப்பதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி அதையும் சேர்த்து எடுத்துப்போங்கள்.